அரங்கமும் ஆற்றங்கரையும்: திருவரங்கக் கோயில் மரபுகளில் கரைமாந்தர்

ஆய்வுச்சுருக்கம்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் வரலாறு பெரும்பாலும் அரசர் கொடை, ஆசாரியர் நிருவாகம், மதில் கோபுரத் திருப்பணி ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கோயிலின் ஆற்றங்கரைச் சடங்குகளையும் அவற்றைச் சூழ்ந்த கதைகளையும் ஒருசேர வைத்து நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. பாணர், வண்ணார், ஓடக்காரர், கூலிக் கைவினைஞர், பழஞ்சோறு வைத்துக் காத்திருந்த கிழவி ஆகியோர் கோயிலின் நினைவில் இடம்பெறுவது ஆற்றின் வழியாகவே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இரு கரைகளோடும் கோயில் உறவுமுறை கொண்டாடும் விதமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருவரங்கம், காவிரி, கொள்ளிடம், கோயிலொழுகு, பங்குனி விழா, திருப்பாணாழ்வார், ஈரங்கொல்லி

முன்னுரை

திருவரங்கக் கோயிலுக்குச் சான்றுகளின் வறுமை இல்லை. முதற் பராந்தகன் காலம் தொடங்கி நாயக்கர் காலத்திற்குப் பின்னும் பொறிக்கப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அங்கு உள்ளன. அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியாகத் தனி நூலாகவே வெளிவந்தன. மதுரகவியாழ்வார் ஒழிந்த ஏனைய ஆழ்வார் பதினொருவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அப்பாசுரங்கள் 247 எனக் கணக்கிடுவர். இவற்றோடு கோயிலொழுகு என்னும் நடைமுறைச் சரித்திர நூலும் உண்டு. பல நூற்றாண்டுகளில் பலர் கைபட்டு வளர்ந்த இந்நூலை வி. என். ஹரிராவ் 1961இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அதன் பின்னர் ஒழுகின் செய்திகளை முற்றிலும் கட்டுக்கதை என ஒதுக்குவோரும் அப்படியே வரலாறாகக் கொள்வோரும் குறைந்தனர்.

எனினும் ஒழுகையும் குருபரம்பரை நூல்களையும் பயன்படுத்திய ஆய்வாளர் அவற்றில் பெரும்பாலும் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையுமே தேடினர். எந்த மன்னன் எந்த மண்டபம் கட்டினான், எந்தப் படையெடுப்பு எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பனவே வினாக்களாக இருந்தன. அவ்வினாக்கள் இன்றியமையாதவை. ஆயினும் அவற்றுக்கு விடை தாராத கதைகள் மரபுச் செய்தி என்ற அளவில் ஓரங்கட்டப்பட்டன. அவ்வாறு ஒதுங்கியவற்றுள் குறிப்பிடத்தக்க பல, நிகழ்களமாக ஆற்றங்கரையைக் கொண்டிருப்பது தற்செயலன்று.

ஆற்றிடைக்குறை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப்படுகிறது. இரண்டும் கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. இவற்றிடையே கிடக்கும் நீண்ட மணல்திட்டின்மேல் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் திருமாலின் கிடந்த கோலத்தைக் கூறும்போது அவ்விடத்தைத் துருத்தி என்றே சுட்டுகிறான். துருத்தி என்பது ஆற்றிடைக்குறை. பூந்துருத்தி முதலிய காவிரிக்கரை ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நின்று நிலவுகிறது. அதே காப்பியத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு அரங்கத்துச் சோலையில் தங்கி, பின் ஆற்றைக் கடந்து தென்கரை சேர்ந்து உறையூர் புகுகின்றனர். கோயில் இருக்குமிடம் தீவு என்பதும், அதிலிருந்து உறையூர் போக ஆறு கடக்க வேண்டும் என்பதும் தமிழிலக்கியம் தொடக்கத்திலேயே அறிந்து சொன்னவை.

கொள்ளிடம் என்ற பெயர் வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்ற பொருளில் வந்தது எனக் கொள்வதே பொருந்தும். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் மிகுதி. ஆதலால் நீர் இயல்பாகவே வடகிளையை நாடியது. தென்கிளையில் மணல் மேவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரி தூர்ந்து தஞ்சைப் பாசனம் தளர்ந்த நிலையில், ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டில் தொடங்கி முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியதன் காரணம் இதுவே. அந்த அணையின் மதகுகளுள் ஒன்பது 2018 ஆகத்து வெள்ளத்தில் உடைந்து வீழ்ந்தன. நீரை வடகிளைக்கு இழுக்கும் அச்சரிவு இன்றும் மாறவில்லை. இரண்டு ஆறுகளுள் ஒன்று ஊட்டுவது, மற்றொன்று அழிப்பது என்ற எண்ணம் அவ்வூர் மக்களிடம் வேரூன்றியிருப்பதற்கு இவ்வியற்கை அமைப்பே அடிப்படை. கொள்ளிடத்தைக் கொல்லுமிடம் எனப் பிரிக்கும் வழக்கும் அவ்வெண்ணத்தின் வெளிப்பாடே. சொற்பிறப்பியல் அதனை ஏற்காது. ஆனால் வரலாற்றாசிரியன் அதனை விட்டுவிடலாகாது. அவ்வழக்கிற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அது பின்னர் ஆராயப்படும்.

நீர் சுமத்தலும் பாணன் நின்ற கரையும்

அரங்கனின் திருமஞ்சனத்திற்கு வேண்டும் நீர் நாள்தோறும் ஆற்றிலிருந்தே வரவேண்டும் என்பது கோயில் முறை. ஆண்டின் பதினொரு மாதங்களில் வடதிருக்காவிரி எனப்படும் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடங்களில் நீர் கொணரப்படுகிறது. ஐப்பசியாகிய துலா மாதத்தில் மட்டும் அம்மா மண்டபத் துறையிலிருந்து காவிரி நீர் தங்கக் குடத்தில் யானைமேல் ஏற்றி வாத்திய முழக்கத்தோடு கொண்டுவரப்படும். துலா மாதத்தில் கங்கை உள்ளிட்ட புண்ணிய நதிகள் காவிரியில் வந்து கலக்கின்றன என்ற நம்பிக்கை இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அஞ்சத்தக்க ஆறே அன்றாட நீரைத் தருகிறது, போற்றத்தக்க ஆறு ஒரு திங்கள் மட்டும் சிறப்புச் செய்யப்படுகிறது என்ற இப்பங்கீடு நோக்கத்தக்கது. நூல்களில் புகழப்படுவது காவிரி. கோயிலின் அன்றாட வாழ்வைத் தாங்குவது கொள்ளிடம்.

இந்த நீர் சுமக்கும் பணியின் இடையில்தான் திருப்பாணாழ்வார் வரலாறு நிகழ்கிறது. குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி அனைவரும் அறிந்ததே. உறையூரைச் சேர்ந்த பாணர் தீவினுள் கால்வைக்கத் துணியாது, காவிரியின் தென்கரையில் அரங்கத்தை நோக்கி நின்று யாழிசைத்துப் பாடுகிறார். திருமஞ்சன நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகும்படி அழைக்கிறார். இசையில் ஆழ்ந்தவர் காதில் அது விழவில்லை. முனிவர் கல் எறிகிறார். பாணரின் நெற்றியில் குருதி கசிகிறது. பின்னர் அரங்கன் ஆணையால் அதே முனிவர் பாணரைத் தம் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு செல்கிறார். அமலனாதிபிரான் என்னும் பத்துப் பாசுரங்களைப் பாடி ஆழ்வார் இறைவனோடு ஒன்றுகிறார். முனிவர் சுமந்ததனாலேயே வேதாந்த தேசிகர் அப்பிரபந்தத்திற்குத் தாம் எழுதிய உரைக்கு முனிவாகன போகம் எனப் பெயரிட்டார்.

இக்கதையைச் சாதி வேறுபாட்டைக் கடந்த பக்தியின் சான்றாகக் காட்டுவது பெருவழக்கு. ஒரு தனி மனிதரின் ஏற்றம் மற்றவர்க்கு வாயிலைத் திறந்துவிடவில்லை என அதனை மறுத்துரைப்பதும் உண்டு. இரு வாசிப்புகளிலும் ஒரு செய்தி கவனிக்கப்படாது போகிறது. மோதல் கோயில் வாயிலில் நிகழவில்லை, நீர்த்துறையில் நிகழ்கிறது. கோயிலின் தூய்மை வாயிலில் தொடங்கவில்லை, குடம் ஆற்றில் தோயும் இடத்திலேயே தொடங்குகிறது. எனவே விலக்கின் எல்லையும் அங்கேயே கீறப்படுகிறது. நீரைச் சுமக்க வந்த தோள் குடத்திற்கு மாறாகப் பாணரைச் சுமந்து திரும்புகிறது. திருமஞ்சன நீரின் இடத்தில் கரையில் நின்றவரை வைத்ததே இக்கதையின் கட்டமைப்பு. ஆற்றைத் தாண்ட இயலாதவர் ஆற்று நீரைப் போலவே கொண்டுவரப்படுகிறார். அவர் பாணர் குடியினர் என்பதும் பொருளுடையது. சங்ககாலத்தில் அரசவைக்கும் மனைக்கும் தடையின்றிச் சென்ற பாணர் குடி, இக்கதை வழங்கிய காலத்தில் தீவின் மண்ணை மிதிக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டது. அந்த வீழ்ச்சியைக் கோயில் மரபு தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது.

ஆற்றில் நீர் வாராத ஆண்டுகளில் அம்மா மண்டபப் படித்துறையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய் வழியே வழங்கி மக்களை நீராடச் செய்யும் நிலை அண்மைக் காலத்தில் காணப்படுகிறது. சித்திரைப் பௌர்ணமியில் நடைபெறும் கஜேந்திர மோட்சமும், ஆடியில் காவிரித்தாய்க்குச் சேலை, மாலை முதலிய மங்கலப் பொருள்களைச் சீராக அளிக்கும் நிகழ்ச்சியும் அத்துறையிலேயே நடைபெறுகின்றன. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் ஆற்றின் பெருக்கு மழையை மட்டுமன்றி மதகுத் திறப்பையும் சார்ந்ததாயிற்று. நீர் தொடர்பான சடங்கு நாட்களின் ஆய்வில் இம்மாற்றம் இதுவரை பெற்ற கவனம் சிறிதே.

தென்கரை: மணவுறவு

பங்குனி ஆதிப் பிரமோற்சவத்தில் நம்பெருமாள் இருமுறை தீவை விட்டு வெளியேறித் தென்கரைக்கு எழுந்தருள்கிறார். ஒன்று மேற்கே ஜீயபுரத்திற்கு, மற்றொன்று உறையூருக்கு. பங்குனி ஆயில்யத்தன்று பல்லக்கில் காவிரியைக் கடந்து உறையூர் சென்று, நந்தசோழனின் மகளாகக் கருதப்படும் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் அமர்கிறார். மூன்று நாள் கழித்துப் பங்குனி உத்திரத்தன்று அரங்கத்திலேயே ரங்கநாயகித் தாயாரோடு சேர்த்தி. அதற்கு முன் தாயார் சன்னதிக் கதவு அடைக்கப்படும். மட்டையடி என வழங்கும் பிரணய கலகத்தில் வாழை மட்டையும் மலர்களும் வீசப்பெறும். மோதிரம் தொலைந்தது, தேடச் சென்றேன் எனப் பெருமாள் தரப்பில் சொல்லப்படும் விடைகளைத் தாயார் தரப்பு ஏற்காது. இறுதியில் நம்மாழ்வார் எழுந்தருளி ஊடல் தீர்க்கிறார். இராமாநுசர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தது இச்சேர்த்தியின் முன்னரே என்பது வைணவ மரபு.

அடியார்களுக்கு இது இனிய விளையாட்டு. வரலாற்று நோக்கில் இதன் அடியில் வேறொரு வழக்கு கிடக்கிறது. அகநானூற்றின் 137ஆம் பாடல் சோழரின் உறந்தையையும், கரையை மோதும் பேராற்றையும், வெண்மணல் பரந்த சோலையையும் கூறி, பங்குனி விழா முடிந்த மறுநாள் தீயற்ற அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடக்கும் அரங்கத்தைத் தலைவியின் நெற்றி பொலிவிழந்த நிலைக்கு உவமையாக்குகிறது. இறையனார் களவியல் உரை ஊர்விழாக்களை எண்ணும் இடத்தில் மதுரைக்கு ஆவணி அவிட்டத்தையும் கருவூருக்கு உள்ளி விழாவையும் கூறி, உறையூருக்குப் பங்குனி உத்திரத்தையே உரியதாக்குகிறது. அகப்பாடலில் வரும் அரங்கம் என்னும் சொல் இன்றைய தலத்தைக் குறிக்குமா, ஆற்றிடைத் திட்டைக் குறிக்குமா, ஆடுகளத்தைக் குறிக்குமா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வினா இங்கு முதன்மையன்று. பங்குனி, உறையூர், ஆற்றுச் சோலை ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்பதே போதுமானது. அவ்விழா மக்கள் கூடிச் சமைத்துண்ட ஆற்றங்கரை விழா. அடுப்புகளே அதற்குச் சான்று.

களவியல் உரை உறையூருக்கு உரியதாக்கிய உத்திரம் இன்று தீவினுள் உள்ள கோயிலுக்கு உரியது. உறையூர்க்கு எஞ்சியிருப்பது ஆயில்யம். தென்கரை நகரின் விழா, கோயில் வளர வளர, ஆற்றைக் கடந்து தீவினுள் புகுந்தது எனவும், நகர் தன் பழைய உரிமையின் ஒரு பகுதியை மணமகளின் பிறந்த நாள்மீன் என்ற பெயரில் தக்கவைத்துக்கொண்டது எனவும் ஊகிப்பதற்கு இடமுண்டு. அவ்வாறாயின் பிரணய கலகம் இரு தேவியரின் ஊடல் மட்டுமன்று. ஒரே விழாவுக்கு உரிமை கோரிய இரு கரைகளின் வழக்கு சடங்காக மாறிய வடிவம் எனலாம். ஆண்டுதோறும் நடத்தப்பட்டும் அவ்வழக்கு முடிந்துவிடுவதில்லை. அடுத்த பங்குனியில் பெருமாள் மீண்டும் ஆற்றைக் கடக்கிறார்.

ஜீயபுரம் எழுந்தருளலுக்கு அரச குலக் கதை ஏதுமில்லை. பேரன் முகம் மழிக்க ஆற்றைக் கடந்து போகிறான். வெள்ளம் அவனை அடித்துச் செல்கிறது. வீட்டில் பழஞ்சோறு எடுத்துவைத்த பாட்டி அவன் பெயரைச் சொல்லி அழைத்துக் கரையில் அழுகிறாள். அவன் பெயரும் அரங்கன் என்பதால், அரங்கனே மழித்த முகத்தோடு பேரனாக வந்து அமர்ந்து உண்கிறான். வெள்ளத்திலிருந்து தப்பிய உண்மைப் பேரனும் பிறகு வந்துசேர்கிறான். இதன் நினைவாக ஜீயபுரத்தில் பெருமாளுக்கு முகம் திருத்தும் பாவனையும், பழஞ்சோறும் மாவடுவும் படைப்பதும் மரபாக உள்ளன. நாள்தோறும் வகைவகையான தளிகை காணும் தெய்வத்திற்கு முந்தைய நாள் சோறு நிவேதனமாவது தென்கரையில் மட்டுமே நிகழக்கூடியது. மடைப்பள்ளியின் விதி ஆற்றைக் கடந்தால் தளர்கிறது. வெள்ளத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரையூர்களின் துயரத்திற்குக் கோயில் மரபு அளித்த ஒரே நேரடி இடமாகவும் இச்சடங்கைக் கருதலாம்.

வடகரை: உடன்பிறப்பும் கூலியும்

வடகரையோடு கோயில் கொண்ட உறவு வேறுவகைப்பட்டது. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறாள். அப்போது அரங்கன் சார்பில் தங்கைக்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீர்வரிசையாகக் கொண்டுசெல்லப்படுகின்றன. தென்கரைக்குப் பெருமாள் தாமே செல்கிறார். வடகரைக்குச் சீர் மட்டும் செல்கிறது. மாரியம்மன் முன்பு அரங்கத்திலேயே வைணவியாக இருந்தவள் என்றும், அவளது உக்கிரம் தாங்காது ஆற்றுக்கு அப்பால் கொண்டுசென்று கண்ணனூரில் வைத்தனர் என்றும் தலவழக்கு கூறும். இக்கூற்றை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. வெளியேற்றத்தை உடன்பிறப்பாக மாற்றி, உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை சீராக அளந்து கொடுக்கும் தமிழ்க் குடும்ப வழக்கமே இங்குத் தெய்வங்களிடையே செயற்படுகிறது. திருமணமாகிப் போன பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை, பொங்கல் சீர் உண்டு என்ற நடைமுறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

கண்ணனூர் அரசியல் முதன்மையும் கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசளர் தமிழகத்தில் நிலைகொண்ட இடம் அதுவே. பின்னர் மதுரைச் சுல்தான்களின் படை தங்கிய இடமும் அதுவே. ஆதலின் கொள்ளிடத்தின் வடகரை கோயிலுக்குப் புரவலரையும் அளித்தது, பகைவரையும் அளித்தது.

அந்த ஆற்றைப் பற்றிக் கோயிலொழுகு கூறும் செய்திகளுள் மிகவும் இடர்ப்பாடானது திருமங்கையாழ்வார் கதை. ஆழ்வார் மதில் திருப்பணி செய்து முடித்தபின் கைவினைஞர் கூலி கேட்கின்றனர். கொடுப்பதற்குப் பொருளில்லை. ஆற்றுக்கு அப்பால் பொருள் இருப்பதாகச் சொல்லி அவர்களை ஓடத்தில் ஏற்றி, நடு ஆற்றில் கவிழ்க்கச் செய்கிறார். உறவினர் வந்து அழுது முறையிடுகின்றனர். இறந்தோர் தாம் வீடுபேறு அடைந்ததாகக் குரல் கொடுத்து அவர்களை அமைதிப்படுத்துகின்றனர். கொள்ளிடம் கொல்லுமிடமானது இவ்வாறே என்பர்.

சமயநூல்கள் இதனை ஆழ்வாரின் கருணையாக விளக்குகின்றன. அவர்கள் கேட்ட கூலியைவிடப் பெரிய கூலி கொடுத்தார் என்பது அவ்விளக்கத்தின் சாரம். இக்காலத்தார் சிலர் கதையையே தவிர்த்துவிடுகின்றனர். இரண்டுமே எளிய வழிகள். ஆழ்வார் காலத்தில் இவ்வாறு நிகழ்ந்தது என்று கொள்வதற்கு இக்கதை சான்றாகாது. ஆனால் கோயிலின் சொந்தச் சரித்திர நூல், திருப்பணியாளர்க்குக் கூலி கொடுபடவில்லை என்ற செய்தியை ஏன் தன்னுள் வைத்துக்கொண்டது? மதில் கட்டிய மன்னரின் பெயர்கள் வீதிகளுக்கு இடப்பட்டுள்ளன. நான்காம் சுற்று ஆலிநாடன் திருவீதி என ஆழ்வாரின் பெயரைத் தாங்குகிறது. கல் சுமந்தவர்களுக்கு ஒழுகில் கிடைத்த ஒரே இடம் இந்த ஓடம். அவர்கள் பெயரின்றி வந்து, கூலி கேட்டு, மூழ்கி, குரலாக மட்டும் திரும்புகின்றனர். கொடுபடாத கூலி என்ற குறை கைவினைஞர் குடிகளிடையே வழங்கியிருக்க வேண்டும் என்றும், அதனை அழிக்க இயலாத நிலையில் வீடுபேறு என்ற விடையோடு சேர்த்து ஒழுகு ஏற்றுக்கொண்டது என்றும் கருதுவது பொருத்தமானது.

இதற்கு நேர் எதிராக அதே நூல் மற்றோர் ஓடத்தையும் காட்டுகிறது. 1251இல் அரியணையேறிய சடாவர்மன் சுந்தரபாண்டியன் விமானத்திற்குப் பொன்வேய்ந்து பொன்வேய்ந்த பெருமாள் எனப் பெயர் பெற்றதைக் கல்வெட்டுகளும் உறுதிசெய்கின்றன. அவன் காவிரியில் இரு ஓடங்களை நிறுத்தி, ஒன்றில் யானைமேல் தான் அமர்ந்து, அந்த ஓடம் நீரில் அமிழ்ந்த அளவுக்கு மற்றதில் பொன்னும் மணியும் நிரப்பிக் கோயிலுக்கு அளித்தான் என்கிறது ஒழுகு. ஒரே நூலில் ஓர் ஓடம் அரசனின் எடைக்குப் பொன் நிறைந்து மிதக்கிறது. மற்றொன்று கூலி கேட்டவர்களோடு கவிழ்கிறது. தொகுத்தோர் இவ்விரண்டையும் ஒப்பிட எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஈரவாடை

பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்புகளுள் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பே கோயிலின் நினைவில் ஆழப் பதிந்தது. தில்லிப் படை நெருங்கிய செய்தி வந்தபோது பெருமாள் ஆற்றங்கரையிலுள்ள பன்றியாழ்வான் கோயிலில் விழாக் கண்டருளியிருந்தார் என்கிறது ஒழுகு. திரையிட்டு வழிபாடு தொடர்வதுபோல் காட்டி, திருமேனியைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் தெற்கே கொண்டுசென்றனர். கூடியிருந்தோர் பன்னீராயிரவர் மாண்டதாகக் கூறும் இந்நிகழ்ச்சி பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் எனப்படுகிறது. எண்ணிக்கை மரபுவழிப்பட்டது, இடம் அவ்வாறன்று. பெருமாள் அன்று மதில்களுக்குள் இருந்திருந்தால் வெளியேற்றம் அரிதாகியிருக்கும். விழாவுக்காக ஆற்றங்கரைக்கு வந்திருந்ததே திருமேனி தப்பியதற்கு வழியானது.

பல இடங்களில் அலைந்து திருமலையில் தங்கியிருந்த திருமேனியைச் செஞ்சியில் இருந்த விசயநகரத் தலைவன் கோபணன் மீட்டுவந்து மீண்டும் எழுந்தருளச் செய்தான். இச்செய்தியைச் சகம் 1293ஆம் ஆண்டுக்குரிய, அதாவது கி.பி. 1371ஆம் ஆண்டுக்குரிய, வடமொழிச் செய்யுட் கல்வெட்டு கூறுகிறது. அது கோபணனின் புகழையும் துலுக்கரை வென்றதையும் திருமேனியின் மீள்வரவையும் சுருங்கச் சொல்லி முடிகிறது.

கல்வெட்டு சொல்லாத சிக்கல் ஒன்றை ஒழுகு சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் வேறொரு திருமேனி செய்து வழிபட்டுவந்தனர். மீண்டுவந்ததே பழைய திருமேனி என்பதற்கு என்ன சான்று? ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. முன்பு கண்டவர் எவருமில்லை. இறுதியில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர் கிடைக்கிறார். முதுமையால் அவருக்குக் கண்பார்வை இல்லை. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைத் தனித்தனியே தரச் சொல்லிப் பருகிப் பார்க்கிறார். மீண்டுவந்த திருமேனியின் தீர்த்தத்தை உட்கொண்டவுடன் இவரே நம்பெருமாள் என்கிறார். அப்பெயர் வழங்கியதற்கு மரபு கூறும் காரணம் இதுவே.

ஆசாரியர், ஸ்தானத்தார், அரசு அதிகாரிகள் அனைவரும் கூடியிருந்த அவையில் தீர்ப்பு வண்ணாரிடம் விடப்பட்டது என்பதை மரபு மறைக்கவில்லை; பெருமையாகவே சொல்கிறது. காரணம் எளிது. அர்ச்சகர் தலைமுறை மாறிவிட்டது. ஏடுகள் திருமேனியின் அளவைச் சொல்லலாம், அடையாளத்தைச் சொல்ல இயலாது. ஆடை வெளுத்தவருக்கு மட்டும் திருமேனியோடு நேரடியான, உடல்வழிப்பட்ட பழக்கம் இருந்தது. அவர் கோயிலுக்குள் சென்று கண்டவர் அல்லர். ஆற்றுத்துறையில் நின்று, கலைந்த ஆடையில் ஊறியிருந்த புழுகும் கத்தூரியும் கலந்த நீரை நாள்தோறும் கையால் பிழிந்தவர். பாணர் கதையில் நீர்த்துறை விலக்கின் எல்லையாக இருந்தது. இங்கு அதே துறை சான்றின் இடமாகிறது.

இக்கதை உண்மையில் நிகழ்ந்ததா என்பதைவிட, 1371க்குப் பின் வந்த தலைமுறைகள் தங்கள் உற்சவரின் உண்மைத் தன்மைக்கு எதனைச் சான்றாக ஏற்றன என்பதே ஆய்வாளர்க்குரிய வினா. அவை கோபணனின் வெற்றியைக் கல்லில் வெட்டின. அடையாளம் கண்டதை ஈரங்கொல்லியின் பெயராலேயே சொல்லிவந்தன. இடைக்காலத்தில் வழிபடப்பெற்ற மற்றைத் திருமேனியையும் அகற்றிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அது இன்றும் கருவறையிலேயே உள்ளது. யாகசாலைக்கு எழுந்தருளுவது அத்திருமேனியே.